படலையடி விருந்து

ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என நாய்க்குத் தமிழில் பெயர்கள் பல உள. அவற்றை மாணாக்கரைப் பல்லாண்டு உருப்போட வைத்தவன் யான். ஆயினும், சென்ற மாரியில் எங்கள் படலையடியில் நனைந்து கிடந்த உயிரைக் கண்டபோது அவற்றுள் ஒன்றேனும் வாயில் வரவில்லை. ஒரு செவி அல்சேஷன் நாயினது போல நிமிர்ந்து நின்றது. மற்றையது ஊர்நாய்ச் செவியாய் மடிந்து தொங்கிற்று. முகம் நரைத்திருந்தது. கழுத்தைச் சுற்றி வார் கிடந்த தழும்பு. யாரோ வளர்த்து, முதுமை கண்டதும் கைவிட்டனர் போலும்.

"இஞ்சாருங்கோ, உது இன்னும் எத்தினை நாளைக்கு? குட்டி ஒண்டை எடுத்தாலும் காவலுக்கு உதவும்" என்றாள் இல்லாள். அவள் சொல்லிலும் நியாயம் உண்டு. இயக்கச்சியிலே சிவபூமி அறக்கட்டளையினர் நாய்களுக்கெனச் சரணாலயம் அமைத்துள்ளனர். அங்குச் சேர்ப்பிக்கலாமென எண்ணினேன். எண்ணியதோடு சரி.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு துறந்து, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தனர். எனக்கு அப்போது வயது இருபத்தைந்து. துவிச்சக்கரவண்டியில் அரிசி மூட்டை, பின்னே தாயார். வீட்டில் மணியன் என்றொரு கிழநாய் இருந்தது. பின்னங்கால் இழுபடும், நெடுந்தூரம் நடவாது. பானைச் சோறு முழுவதையும் கொட்டி வைத்து, சட்டியில் நீர் நிரப்பி, சங்கிலியை அவிழ்த்தேன். படலைவரை வந்து நின்றது. 1996 இல் மீண்டபோது சட்டி மாத்திரம் கவிழ்ந்து கிடந்தது.

எறிந்தவன் வேல் உடலிற் கிடக்கவும் நாய் வாலைக் குழைக்கும் என்று கூறும் நாலடியார்ச் செய்யுள் ஒன்றுண்டு; நட்பாராய்தல் அதிகாரத்தது. வகுப்பில் அதற்குப் பொருள் விரிக்கும்போது மாணாக்கர் முகத்தை யான் பார்ப்பதில்லை.

எனவே, வந்ததை உள்ளே அழைத்தேன். கால்நடை வைத்தியர் பற்களின் தேய்வைப் பார்த்துப் பத்து வயதுக்குக் குறையாது என்றார். விழியிற் படர்ந்த நீலப்புகை கண்புரையன்று, மூப்பின் நிறமே என்றார். விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றினார், ஆண்டுதோறும் ஏற்றவேண்டுமாம். யான் அறியாதிருந்த ஒன்றையும் சொன்னார்: வெங்காயம் நாய்க்கு நஞ்சு, குருதியின் செவ்வணுக்களைச் சிதைக்கும். வெங்காயம் விளையும் நம் மண்ணில், கறி மிச்சத்தையன்றோ நாய்க்கு வைத்து வந்தோம்! மணியனுக்கும் அதுவே உணவு.

இப்போது குழைந்த சோறும் முள் நீக்கிய மீனும். குளிருக்கு மூட்டு நோவதால் விறாந்தையில் இரட்டைச் சாக்கு. செவி மந்தம், திடீரெனத் தொட்டால் வெருண்டு கடிக்க வரும். ஆதலின் நிலத்தைக் காலால் மெல்லத் தட்டியே எழுப்புகிறோம்.

தெருநாய்களைக் கொல்வதை அரசு 2006 இல் நிறுத்தியது. கொலை நின்றது, வளர்ப்போர் பெருகவில்லை. குட்டிக்கேனும் ஆள் வரும், கிழத்துக்கு யார் வருவார்? சில மாதமோ, ஈராண்டோ, இதனோடு இருப்பதாகவே உடன்பட்டோம்.

பெயரிடவில்லை. "கிழவர் சாப்பிட்டிட்டாரோ?" என்று இல்லாள்தான் முதலில் வினவினாள், அதுவே பெயராயிற்று. இரவில் படலையைப் பூட்டுமுன், கிழவர் உட்புறம் இருக்கிறாரா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.