ஹேர்மிஸ் கப்பலின் வீழ்ச்சி

ஜேர்மானியரின் ‘ஸ்ரூகா’ விமானங்களால் ஐரோப்பா அஞ்சிய போர்முறையை, 1942 இல் யப்பானியர் ஈழக்கடலிற் கையாண்டனர். மிக உயரத்தினின்று செங்குத்தாய்ப் பாய்ந்து, இலக்கை அணுகியதும் குண்டை விடுத்து மேலெழுவதே அம்முறை. ஓடுங் கப்பலும் அதற்குத் தப்புதல் அரிது.

விமானந் தாங்குவதற்கென்றே வரையப்பெற்ற முதற் கப்பலாகிய பிரித்தானியரின் ‘ஹேர்மிஸ்’, தாக்குதல் வருமென்றறிந்து ஏப்பிரல் 8 ஆந் திகதி இரவு திருக்கோணமலையை நீங்கியது. மறுநாட் காலை மீளுகையில், மட்டக்களப்புக்கு அண்மையிற் பகைவர் கண்ணிற் பட்டது. அதன் விமானங்களோ கரையில் நின்றன. காக்கச் சென்றவையுங் காலந் தாழ்த்தன. 80 க்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் புறப்பட்டு வந்தன. சில நிமிடங்களிற் கப்பல் மூழ்கியது. 300 பேருக்கு மேல் மாண்டனர். ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை மீட்டது.

விமானமில்லா விமானந்தாங்கி வெறுங்கலமே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.