உங்களுக்குத் தெரியுமா? மண்ணெண்ணெய் எஞ்சினுக்கும் பெற்றோல் வேண்டும்!

இலங்கையின் பாண்டிருப்புக் கரையில் நிற்பவை போன்ற சிறு ஃபைபர் படகுகளில் பூட்டும் பழைய எஞ்சின்களில் பல, பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுபவை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. அதனால் சூடேறிய பிறகே மாற்றுவார்கள். கரை நெருங்கும்போது மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி அணைக்க வேண்டும். புதிதாகப் படகு வாங்கியவர் கோட்டைவிடுவது இங்கேதான். காபுரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும்.

ஓடும்போது எஞ்சினின் சிறு துளையால் தண்ணீர் பீச்சியடிக்கிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். கடல்நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விப்பது கீழே இருக்கும் ஒரு சின்ன ரப்பர்ச் சுழலி. ஆழமில்லாத இடத்தில் மணலை இழுத்தால் அதன் இதழ்கள் தேயும். பீச்சல் மெலிந்தால் உடனே அணையுங்கள். "கரைக்குப் போய்ப் பார்ப்போம்" என்றால் பிஸ்டன் இறுகிவிடலாம். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி உப்பைக் கழுவுங்கள்.

இத்தனை சிரமம் இருந்தும் மீனவர்கள் மண்ணெண்ணெயை நாடியது விலைக்காகத்தான். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. அப்போதும் பெற்றோல் 450.