கைத்துப்பாக்கியின் சட்டகமும் நிறையும்

கருவி யாதாயினும் அதனை ஆக்குதற்குரிய பொருளைத் தெரிதல், அக்கருவியாற் செய்யப்படும் தொழிலை நோக்கியே நிகழ்தல் வேண்டும். ஒரே கருவி தம்முள் மாறுபட்ட இரு தேவைகளுக்கு உரியதாயின் அத்தெரிவு எளிதாவதில்லை. முழு அளவுக் கைத்துப்பாக்கி அத்தகையதொன்று. படை அதிகாரியும் காவலரும் அதனை இடுப்பிற் பல மணிநேரம் சுமக்கின்றனர். சுட நேரின், அது சில செக்கன்களுள் முடிந்துவிடுகின்றது. சுமப்பவருக்கு இலேசான கருவி நன்று. சுடுபவருக்கோ பாரமே துணை. இவ்விரண்டையும் இணக்க முயன்றதன் விளைவே சட்டகப் பொருள்களின் மாற்றமாகும்.

பிடியையும் விசைப் பொறியையும் தாங்கும் அடியுடலே சட்டகம் எனப்படும். அதன்மேல், குழலை மூடியவாறு அமைந்து, ஒவ்வொரு வெடிப்பின்போதும் பின்சென்று மீளும் உறுப்பொன்று உண்டு. வெடிப்பின் பேரமுக்கத்தை நேரே ஏற்பவை குழலும் அம்மேலுறுப்புமே. ஆதலின் அவை இன்றும் பெரும்பாலும் உருக்கினாலேயே ஆக்கப்படுகின்றன. நிறையைக் குறைக்க விரும்பியோர் சட்டகத்தையே நாடியதன் காரணம் இதுவாகும். உருக்கின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல ஏறத்தாழ 7.8 மடங்கு, அலுமினியத்தினது 2.7 மடங்கு, நைலோன் வகைப் பிளாத்திக்கினது 1.1 மடங்கு அளவினதே.

ஜோன் பிரௌனிங் வகுத்து, 1911ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க இராணுவம் ஏற்ற .45 அங்குலக் கைத்துப்பாக்கி உருக்குச் சட்டகம் உடையது. தோட்டாக்களின்றி அதன் நிறை ஏறத்தாழ 1.1 கிலோகிராம். இரண்டாம் உலகப் போரின் பின் அவ்விராணுவம் அதிகாரிகளுக்கென இலேசானதொன்றை நாடியது. அக்காலத்திற் கோல்ற் நிறுவனம் ஆக்கிய ‘கொமாண்டர்’ அலுமினியக் கலப்புலோகச் சட்டகத்தைப் பெற்றது. குழலும் 5 அங்குலத்திலிருந்து 4¼ அங்குலமாகக் குறுகியது. நிறை ஏறத்தாழ 750 கிராமாயிற்று.

இக்குறைவுக்குரிய விலையை உந்தக் காப்பு விதி காட்டும். 15 கிராம் நிறையுள்ள குண்டு செக்கனுக்கு 250 மீற்றர் வேகத்துடன் வெளியேறுவதாகக் கொள்வோம். வெடிவாயுவின் பங்கை நீக்கிப் பார்ப்பின், 1.1 கிலோகிராம் துப்பாக்கி செக்கனுக்கு 3.4 மீற்றர் வேகத்துடன் பின்னுதைக்கும், 0.75 கிலோகிராம் துப்பாக்கியோ 5 மீற்றர் வேகத்துடன் பின்னுதைக்கும். கை ஏற்கவேண்டிய இயக்கச் சத்தி 6.4 யூலிலிருந்து 9.4 யூலாக உயர்கின்றது. நிறை மூன்றிலொரு பங்களவு குறைய, உதைப்பின் சத்தி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. குழல்வாய் மேலெழுந்து மீண்டும் இலக்கிற்கு வரும் காலமும் இதனால் நீளும்.

அலுமினியத்துக்கு வேறொரு குறையும் உண்டு. ஒரு வரம்புக்குட்பட்ட தகைப்பை உருக்கு எண்ணிறந்த முறை தாங்கவல்லது. அலுமினியத்துக்கு அத்தகைய திட்டமான வரம்பு இல்லை. உருக்கு உறுப்பு அதன்மீது உராய்வதால் தேய்வும் நேரும். மின்பகுப்பினால் வன்மையான ஒட்சைட்டுப் படையை மேற்பரப்பில் உண்டாக்கி இத்தேய்வைக் குறைக்கின்றனர். 1985ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைகள் ஏற்ற இத்தாலியப் பெரெற்றாவின் சட்டகம் அலுமினியக் கலப்புலோகமாதல், இப்பொருள் கடும் சேவைக்கும் ஏற்றதென்பதைக் காட்டும்.

பிளாத்திக்குச் சட்டகத்தை 1970ஆம் ஆண்டில் ஹெக்லர் கொக் என்னும் ஜெர்மன் நிறுவனம் கைக்கொண்டது. எனினும் அதனை உலகறியச் செய்தது, 1982ஆம் ஆண்டில் ஒஸ்திரிய இராணுவம் தெரிந்த ‘குளொக் 17’ ஆகும். தோட்டாக்கூடு இன்றி அதன் நிறை ஏறத்தாழ 630 கிராம். மேலுறுப்பு நழுவும் இடங்களில் மட்டும் உருக்குத் துண்டுகள் பிளாத்திக்கினுட் பதிக்கப்பட்டுள்ளன. பொருள் முழுவதையும் மாற்றாது, தேய்வு நேரும் இடத்தில் மாத்திரம் உருக்கை நிறுத்தியமையே இதன் நுட்பம்.

நிறையை ஒப்பிடுவோர் வெறுந் துப்பாக்கியை மட்டும் நிறுப்பின் பிழைபடுவர். 17 தோட்டாக்கள் இட்ட குளொக் ஏறத்தாழ 900 கிராம் நிறையுடையது. சட்டகத்தில் மீந்த நிறையின் ஒரு பகுதி தோட்டாக்களைச் சுமத்தற்குச் செலவாகியுள்ளது. ஆயினும் அந்நிலையிலும் அது, தோட்டாவே இல்லாத 1911ஆம் ஆண்டு உருக்குத் துப்பாக்கியிலும் இலேசானதே. மேலும், தோட்டாக்கள் தீரத்தீர நிறை குறைந்து, இலேசான சட்டகத்தின் சமநிலை குழற்பக்கஞ் சாய்தலும் உண்டு.

நாள்தோறும் சுமக்கவேண்டாதோர் தெரிவு இவ்வுண்மையை வலியுறுத்தும். போட்டிகளிற் சுடுவோருக்கெனச் செக் நாட்டிற் செய்யப்படும் ‘ஷடோ 2’ உருக்குச் சட்டகத்துடன் ஏறத்தாழ 1.3 கிலோகிராம் நிறையுடையது. அங்கு பாரம் குறையன்று. வேண்டிப் பெறப்பட்ட குணமாகும்.

ஆகவே, எப்பொருள் சிறந்தது எனும் வினாவுக்குத் தனிவிடை இல்லை. சுமையைக் குறைத்தவர் உதைப்பை அடக்கும் பயிற்சியைக் கூட்டுதல் வேண்டும். உதைப்பைக் குறைத்தவர் நாள் முழுவதும் சுமையைப் பொறுத்தல் வேண்டும். பொருளை மாற்றுவதாற் சுமை இடம்மாறுமேயன்றி, முற்றாக நீங்குவதில்லை. காவற்படைக்குக் கருவி தெரிவோர், இடுப்பிற் சுமக்கும் நீண்ட பொழுதையும் கை நடுங்கலாகாத அச்சில செக்கன்களையும் ஒருங்கே எண்ணுதல் கடன். குறிதவறிய குண்டு பிறர் உயிரைக் கவரக்கூடுமாதலின், அவ்வெண்ணம் வெறும் வசதி பற்றியதன்று.