அடுத்த லிங்கம் வரை

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கி.மீ. கிரிவலம் நடக்கிறார்கள். வீட்டருகே அரை மணி நேரம் நடக்கச் சலித்துக்கொள்பவர்களும் அதில் உண்டு. பக்திதான் முதல் காரணம். பாதையின் அமைப்பும் கைகொடுக்கிறது.

நாள் முன்பே குறித்தாகிவிட்டது. ‘இன்றா, நாளையா’ என்ற தயக்கமே இல்லை. இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் தூரத்தைப் பிரித்துத் தருகின்றன. கால் வலிக்கும்போது மனம் மீதித் தூரத்தை எண்ணுவதில்லை, அடுத்த சந்நிதியைத்தான் தேடுகிறது. முன்னும் பின்னும் ஆட்கள் நடப்பது இன்னொரு பலம்.

எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் காரியத்தை முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் காட்டினார். ‘உடம்பைக் குறைக்கணும்’ என்பதைவிட ‘காலை காபி குடித்ததும் நடை’ என்பது வலுவான முடிவு.

சோர்ந்துபோகிறவர்கள் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்டது. புதிய செயல் பழக்கமாகப் பொதுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை.