நடுங்கும் சுக்கான்

பெரிய டயர் பூட்டும் ஆசையால், நீண்ட சுருள்வில்களைப் பொருத்திப் பழைய வண்டியை உயர்த்துவோர் பலர். அமெரிக்காவில் 1994 முதல் 2001 வரை வெளிவந்த, நான்கு சில்லும் இயங்கும் டொட்ஜ் ராம் வண்டியை எடுத்துக்கொள்வோம். உயர்த்தியபின், வேகமாகச் செல்கையில் சிறு பள்ளம் தட்டினாலும் சுக்கான் வெறிகொண்டதுபோல் நடுங்குவதுண்டு. ‘மரண நடுக்கம்’ என்றே அந்நாட்டார் இதனை அழைப்பர்.

காரணம் யாது? வண்டி உயர, முன்னச்சைப் பிடிக்கும் தண்டுகள் சரிந்து அச்சைச் சற்றே சுழற்றுகின்றன. சில்லை நேர்வழியில் நிறுத்தும் ‘காஸ்ரர்’ எனும் பின்சாய்வு குறைகிறது. அச்சு பக்கம் நகராது காக்கும் குறுக்குத் தண்டின் மூட்டும் விரைவில் தேய்கிறது.

முதலில் டயரின் காற்றையும் சமநிலையையும் பார்த்தல் வேண்டும். அடுத்து, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகள் நிலத்தில் ஊன்றியிருக்க ஒருவர் சுக்கானை இடமும் வலமும் அசைக்கட்டும். மற்றவர் மூட்டுகளை ஒவ்வொன்றாக உற்றுநோக்கட்டும். ஆடும் மூட்டை மாற்றிய பின்னரே பின்சாய்வை அளப்பித்துச் சரிசெய்தல் முறை.

சுக்கானின் அதிர்வுதாங்கியை மட்டும் மாற்றினால் நடுக்கம் சிலகாலம் அடங்கும். குற்றமோ உள்ளே வளரும். நோயை விட்டு நோவை மறைப்பது உயிருக்கே உலையாகும் என்பதை நாம் மறத்தலாகாது.