உங்களுக்குத் தெரியுமா? – முதல் மொட்டை

● அச்சன்புதூர்க்காரர்களுக்கு முருகனுக்குப் பஞ்சமே இல்லை. பண்பொழித் திருமலை, இலஞ்சி, ஆய்க்குடி என்று பைக்கில் போய் வரும் தூரத்தில் மூன்று கோயில்கள். இருந்தாலும் பிள்ளையின் முதல் மொட்டை பெரும்பாலும் முருகனுக்குக் கிடைப்பதில்லை, அது குலதெய்வத்துக்கு. நெல்லை, தென்காசிப் பக்கம் குலதெய்வம் என்றால் பல குடும்பங்களுக்குச் சாஸ்தாதான். எந்த ஆற்றங்கரையில், எந்தக் காட்டில் இருந்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவரைத் தேடிப் போய்விடுவார்கள். சென்னையிலும் துபாயிலும் இருக்கிற பங்காளிகள் ஒன்றுகூடுவதும் அன்றைக்குத்தான் என்பதால், மொட்டையையும் காதுகுத்தையும் அதே நாளில் முடித்துவிடுகிறார்கள். முருகனுக்கு நேர்ந்துகொண்டிருந்தால் அது இரண்டாவது மொட்டை. பள்ளிக்கூடத்தில் சேர்வதற்குள் மூன்று மொட்டை பார்த்துவிட்ட பிள்ளைகள் இந்தப் பக்கம் உண்டு.

● ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் மொட்டையைவிடப் பேர்போனது படிப்பாயாசம். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் அனுமன் நதிப் படித்துறையைக் கழுவி, அந்தப் படியிலேயே பாயாசத்தை ஊற்றுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து வழித்துச் சாப்பிட வேண்டும். தட்டோ இலையோ கிடையாது.

● மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று சொல்லாத பாட்டி இல்லை. ஆனால் முடியின் வேர்க்கால்கள் எல்லாம் தாய் வயிற்றிலேயே, ஏறக்குறைய ஐந்தரை மாதத்துக்குள் உருவாகிவிடுகின்றன. தலையில் மட்டும் சுமார் ஒரு லட்சம். பிறந்த பிறகு புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. தோலுக்கு மேலே ஓடுகிற கத்திக்கு, தோலுக்கு அடியில் இருக்கிற வேரைத் தெரியவே தெரியாது. அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928இலேயே நான்கு ஆண்களின் தாடியை வைத்து இதைச் சோதித்தார். மழிப்பதால் முடியின் வேகமும் கூடவில்லை, தடிமனும் கூடவில்லை.

பிறகு ஏன் அடர்த்தியாகத் தெரிகிறது? வெட்டாத முடியின் நுனி மெலிந்து கூராக இருக்கும். மழித்தபின் வளர்வது மொட்டை நுனியோடு வருவதால் கைக்குச் சொரசொரவென்று இருக்கும். போதாததற்கு, ஒரு வயதுக்குமேல் குழந்தையின் முடி தானாகவே தடிக்கிற பருவம் அது. புகழெல்லாம் கத்திக்குப் போய்விடுகிறது.

● ‘பிறந்த முடி’ என்று நாம் ஒரு வயதில் காணிக்கை கொடுப்பதில் பெரும்பகுதி பிறந்த முடியே இல்லை. கருவில் வளர்ந்த முடி முதல் ஆறு மாதங்களுக்குள் பெரும்பாலும் தானாகவே உதிர்ந்துவிடும். மூன்று நான்கு மாதப் பிள்ளையின் பின்னந்தலையில் வட்டமாக வழுக்கை விழுவதும் இந்த உதிர்தல்தான். தலையணையைக் குறை சொல்ல வேண்டாம். சாமி இந்தக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

● நிஜமாகவே கருவறை முடியை எடுப்பவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். அச்சன்புதூர், வடகரை, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்களில் அகீகா என்னும் பிறப்புக் குர்பானி கொடுத்து, பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடி இறக்கும் வழக்கம் உண்டு. அந்த முடியின் எடைக்கு எடை வெள்ளியை, அல்லது அதன் விலையை, ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். நபிகளின் மகள் பாத்திமா தம் பிள்ளைகள் ஹசன், ஹுசைன் முடியை நிறுத்து வெள்ளி கொடுத்ததை முன்மாதிரியாகச் சொல்வார்கள். பச்சைப் பிள்ளையின் முடி எடை எவ்வளவு இருந்துவிடப் போகிறது? வெள்ளி விலை ஏறிக்கிடக்கிற இந்த நாளிலும் யார் கைக்கும் எட்டுகிற தர்மம் இது.

● அந்த ஏழாம் நாள் முடிக்கு ஆய்வகத்திலும் மதிப்பு உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் உடலில் சேர்ந்த நிகோடின், சில போதைப்பொருட்கள் ஆகியவற்றின் சுவடு பிறந்த குழந்தையின் முடியில் பதிந்திருக்கும். வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கும் தகப்பன்மார் கவனிக்கவும்: பக்கத்தில் இருப்பவர் விட்ட புகையும் அதில் தெரியும்.

● யாழ்ப்பாணத்தில் முப்பத்தொன்றாம் நாள் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழிக்கும்போதே மொட்டை போட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. சீனர்களுக்கும் ஒரு மாதம் நிறைவதுதான் கணக்கு. எடுத்த முடியைக் கட்டி எழுதுகிற தூரிகையாகச் செய்து, பிள்ளை படிப்பில் சிறக்கட்டும் என்று பத்திரப்படுத்துவார்கள். யூதர்களில் ஒரு பிரிவினர் ஆண் பிள்ளைக்கு மூன்று வயதுவரை கத்தரிக்கோலே காட்டுவதில்லை. நம்மிலும் ஒற்றைப்படைதான்: ஏழு, ஒன்பது, பதினொன்றாம் மாதம், தவறினால் மூன்று, ஐந்து வயது. மங்கோலியாவில் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. பசிபிக் கடலின் குக் தீவுகளில் பையனின் முடியை வருடக்கணக்கில் வளர்த்துச் சிறு சிறு கொத்தாகக் கட்டி விழா வைக்கிறார்கள். வருகிற ஒவ்வொருவரும் ஒரு கொத்தை வெட்டிக்கொண்டு பணம் வைத்துவிட்டுப் போவார்கள். மொய் நோட்டுப் போட்டால் அப்படியே நம்மூர்தான்.

● “மாமன் மடியில வச்சு எடுத்தாத்தான் மொட்டை” என்பார்கள். சடங்கைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு வசதி இருக்கிறது. பதறாமல், இறுக்கிப் பிடிக்க மனசும் கைவலுவும் உள்ள ஆள் வேண்டும். பெற்ற தாய்க்குப் பாதியிலேயே கண் கலங்கிவிடும். முடி எடுத்துக் கை பழகியவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முதலில் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி அள்ளித் தலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அவசரப்படுவதில்லை. முடி தன் எடையில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் வரை தண்ணீரைக் குடிக்கும். ஊறிய முடி இளகிவிடுவதால் கத்தியை அழுத்த வேண்டியிருக்காது. இடது கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, கத்தியைப் படுத்தவாக்கில் சாய்த்து, சிறு சிறு இழுப்பாக இழுப்பார்கள். பிள்ளை தலையை உதறப்போகிறது என்பது அவர்கள் கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். உதறுவதற்கு ஒரு நொடி முன்னால் கத்தி தலையை விட்டு மேலே போயிருக்கும்.

● உச்சிக்குழியைக் கண்டு பயப்படாத வீடு இல்லை. பின்னால் உள்ள சிறு குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். முன்னுச்சியில் உள்ளது மூட பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதாகும். இரண்டு வயதுவரை திறந்திருந்தாலும் இயல்புதான். எலும்பு இல்லாவிட்டாலும் அங்கே உறுதியான சவ்வு இருக்கிறது. மேலோட்டமாகக் கத்தி ஓடுவதால் கேடில்லை, அழுத்தத்தான் கூடாது. கழுத்து நிற்காத பிள்ளைக்கு மொட்டை எடுக்க அவசரப்பட வேண்டாம் என்பது என் கட்சி.

● நல்ல நேரம் பார்ப்பவர்கள் நல்ல பிளேடு பார்ப்பதில்லை. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியில்கூட, குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறலே அதற்குப் போதும். கோயில்களில் ஒரு பிளேடை இரண்டாக உடைத்துப் பாதியை ஒரு தலைக்குப் பயன்படுத்துவது வழக்கம். காகிதம் பிரிவதையும் பிளேடு உடைவதையும் நம் கண்ணால் பார்க்க வேண்டும். “அண்ணாச்சி, புதுசா மாத்திருங்க” என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கூட்ட நாளில் பிளேடு மாறினாலும் தண்ணீர்க் கிண்ணம் மாறுவதில்லை, அதையும் பாருங்கள். வீட்டிலிருந்து ஒரு பாட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோனால் பிள்ளையும் சிலிர்த்து அழாது.

● இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 செப்டம்பரிலிருந்து மொட்டைக்குக் கட்டணம் இல்லை. முடி எடுக்கும் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அப்போது அறிவிக்கப்பட்டது. குலதெய்வக் கோயில்களில் பல அந்தந்தக் குடும்பத்தாரின் பொறுப்பில் இருப்பதால் அங்கே வெற்றிலை பாக்கு, தேங்காய் பழத்தோடு வைக்கிற பணம்தான் கூலி. பேரம் பேசாதீர்கள். மேளத்துக்கும் வீடியோவுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு இங்கே வந்து ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது நன்றாகவா இருக்கிறது?

● ஆஸ்பத்திரிப் பிரசவம் பரவுவதற்கு முன்பு தமிழ்க் கிராமங்களில் பிள்ளையைக் கையில் ஏந்திய மருத்துவச்சி பெரும்பாலும் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்தான். தொப்புள்கொடி அறுத்தவளின் வீட்டுக்காரரோ மகனோ வந்து முதல் முடி எடுப்பார். சிரங்குக்கும் கட்டிக்கும் கைவைத்தியமும் அந்த வீட்டில்தான்.

● திருமலை திருப்பதியில் குவியும் முடி நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடப்படுகிறது. நீள முடி வெளிநாட்டு விக்குகளுக்குப் போகும். 2004இல் ஜெருசலேம் ரபி எல்யாஷிவ், கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த முடியில் செய்த விக்கை யூதப் பெண்கள் அணியக் கூடாது என்று தீர்ப்புச் சொல்ல, நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விக்குகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். பிள்ளைகளின் குட்டை முடி விக்குக்கு ஆகாது. குட்டை முடியிலிருந்து எல்-சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எடுக்கலாம். ரொட்டி மாவை இளக்கப் பயன்படும் பொருள் அது. மனித முடியிலிருந்து எடுத்ததை உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை.

● சந்தனத்தை வீட்டுக் கல்லில் இழைத்துக் கொண்டுபோவது உத்தமம். கடையில் விற்கும் மஞ்சள் நிறப் பொடியில் நிறமும் வாசனையும்தான் தூக்கல். இப்போதுதான் மழித்த தோலில் பட்டால் சில பிள்ளைகளுக்குத் தடித்துச் சிவந்துவிடும். வெயிலில் பருத்தித் தொப்பி போடுங்கள். முடி இல்லாத தலை பொசுக்கென்று வெந்துவிடும்.

● “மொட்டை போட்டாச்சு, அப்படியே குற்றாலத்துல ஒரு முங்கு” என்று சீசன் நேரத்தில் கிளம்புவார்கள். பெரியவர்கள் போகட்டும். பேரருவியில் நிற்கும்போது நம் தலையிலேயே கல் விழுவது போல இருக்கும். பிள்ளையைச் சாரலில் காட்டினால் போதும். ஒரு வாளித் தண்ணீரைத் தனியே பிடித்து ஊற்றலாம். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தடை இருப்பதால், சந்தனம் போக நுரை போட்டுக் கழுவும் வேலையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும்.

● முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். சீப்பு பிடிக்க மூன்று மாதம், குடுமி போட ஒரு வருஷம். ஆனால் ஆதார் எடுக்கப் போகிறவர்கள் தேதியை யோசித்து வையுங்கள். ஐந்து வயதுக்குள் எடுக்கும் ஆதாரில் கைரேகை கிடையாது, புகைப்படம் உண்டு. அடுத்த படம் ஐந்து வயதில் கட்டாயப் புதுப்பிப்பின்போதுதான் எடுப்பார்கள். அதுவரை பள்ளிக்கூடத்திலும் பாஸ்போர்ட் ஆபீஸிலும் நீட்டுவது அந்த மொட்டைத் தலைதான்.