கூட்டத்துக்குப் போக ஆளில்லை

டீ ஆறினாலும் பரவாயில்லை, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். செல்போன் வந்தது, பேப்பர் போனது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பாதிக் கதைதான்.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் உருக்காலைகளால் வாழ்ந்த ஊர். 1977 முதல் அவை மூடப்பட, ஊர் நொடித்துப்போனது. அங்கே 'தி விண்டிகேட்டர்' 1869 முதல் வந்துகொண்டிருந்தது. மாஃபியா கும்பல்களையும் அவர்களோடு கைகோத்தவர்களையும் பற்றித் துணிந்து எழுதிய நாளிதழ். 2019 ஜூனில் 150 ஆண்டு நிறைந்தது. மூடுகிறோம் என்று அதே மாதம் அறிவித்தார்கள். விற்றுப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. ஊழியர்கள் 144 பேர், வீடுவீடாகப் பேப்பர் போட்டவர்கள் சுமார் 250 பேர், எல்லோருக்கும் வேலை போனது.

எப்படி இப்படி ஆகிறது? நீங்கள் பேப்பருக்குக் கொடுக்கும் காசு காகிதத்துக்கும் அச்சுக்கும் வண்டிக்குமே போதாது. நிருபரின் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தது: வீடு வாடகைக்கு, ஆள் தேவை, பழைய கார் விற்பனைக்கு. இந்த வரி விளம்பரங்கள்தான் பல பத்திரிகைகளுக்குப் பெரிய வருமானமாக இருந்தன. 1995இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணையச் சேவை, ஊர் ஊராகப் பரவி அதே விளம்பரங்களைப் பெரும்பாலும் இலவசமாகப் போட ஆரம்பித்தது. பிறகு உள்ளூர்க் கடைக்காரர்களின் விளம்பரக் காசு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் திரும்பியது. அச்சு இதழை விட்டு இணையத்தில் படித்தவர்களும் உண்டு. ஆனால் அங்கே கிடைத்த விளம்பரக் காசு பழைய வருமானத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. படிப்பவர் இருந்தார், படியளந்தவர் போய்விட்டார்.

செலவைக் குறை என்றால் கத்தி விழுவது ஆள்மேல். ப்யூ ஆய்வு மையத்தின் கணக்கில், அமெரிக்க நாளிதழ்களின் செய்திப் பிரிவில் 2008இல் சுமார் 71,000 பேர். 2020இல் சுமார் 31,000. நட்டம் வந்தால்தான் ஆள்குறைப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். 'டென்வர் போஸ்ட்' நாளிதழைக் கையில் வைத்திருந்த ஆல்டன் என்ற முதலீட்டு நிறுவனம், லாபம் வந்துகொண்டிருந்தபோதே 2018இல் செய்திப் பிரிவில் 30 பேரை நீக்கச் சொன்னது. சொந்த முதலாளியைக் கழுகு என்று திட்டி அந்தப் பத்திரிகையே தலையங்கம் எழுதியது. எழுதியதற்குப் பாராட்டு கிடைத்தது, வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

முதலில் காணாமல் போவது சினிமாப் பக்கமோ விளையாட்டுப் பக்கமோ அல்ல. நகர்மன்றக் கூட்டத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருக்கும் நிருபர். அவர் எழுதும் செய்தியைப் பாதிப் பேர் படிப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே ஒரு காவல்.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பெல் என்ற சிறு நகரம் உண்டு, பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள். அங்கே பல ஆண்டுகளாக எந்த நிருபரும் வாடிக்கையாகப் போகவில்லை. நகர நிர்வாகி ராபர்ட் ரிசோவின் சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலராக ஏறியது. அமெரிக்க அதிபருக்கே 4 லட்சம்தான். பக்கத்து ஊர் விவகாரத்தைத் தோண்டப்போன 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நிருபர்கள் 2010இல் இதை வெளியே கொண்டுவந்தார்கள். ரிசோவுக்கு 12 ஆண்டு சிறை. உள்ளூரில் ஒரு நிருபரை வைத்திருந்தால் அவருடைய சம்பளம் ரிசோ வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.